ஒரு நாளைக்கு ஒரு வேலை

என் கணவர் புளிய மரத்திலிருந்து விழுந்தது மாசி மாதத்தில். எங்கள் நிலத்தின் மேற்குக் கோடியில் நிற்கும் பெரிய மரம் அது. ஏறி நின்று உலுக்கிக்கொண்டிருந்தபோது கிளை முறிந்து அவரோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது. நான் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். இடது தொடை எலும்பு உடைந்திருந்தது. மலையிலிருந்து இறங்கி, செங்கத்தையும் தாண்டி, ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் ஜவ்வாது மலையிலேயே பிறந்து, இங்கேயே ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்ப்பவள். அவர் விவசாயம். சாமை, கொஞ்சம் கேழ்வரகு, பத்துப் பன்னிரண்டு புளிய மரம், ஆடுகள், ஒரு கறவை மாடு. ஒரே மகள் திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அக்கா ஒருமுறை வந்து சோறு போட்டுவிட்டுப் போவார். அவருக்கும் அவர் நிலம், அவர் புளி. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எடுத்திருந்த விடுப்பு தீர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு நிலைமை புரிந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே வீட்டையும் கொல்லையையும் நடத்திக்கொண்டிருந்தார். அவர் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலில் தெரிவதெல்லாம் வேலைதான்.

"ஆட்டுக்குத் தண்ணி காட்னியா?"

"காட்டிட்டேன் மாமா."

"மேக்கால மரத்துக்குக் கீழ கொட்டிக் கெடக்குதே, யாராவது பொறுக்கினாங்களா?"

"ஞாயித்துக்கெயம பாக்கலாம்."

"ஞாயித்துக்கெயம வரைக்கும் கொரங்கு சும்மா இருக்குமா? வேலி சாஞ்சிருக்குது பாரு. அந்தச் செவலக்குட்டி நொண்டுது பாரு. இன்னா, ஓட்டு மேல ஏதோ ஓடுது?"

எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்வார். நொண்டும் குட்டியும் சாய்ந்த வேலியும் மாத்திரை வேளையும் அவர் வாயிலிருந்து வரும்போது ஒன்றுபோலவே இருக்கும். எனக்கும் அவை ஒன்றுபோலவே கேட்டன. கேட்டவுடன் எழுந்து ஓடினேன்.

அப்போது நான் வேலை செய்த விதத்தை இப்போது நினைத்தாலும் படபடப்பாக இருக்கிறது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைத் தொட்டேன். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போவேன். வழியில் ஆட்டுக் கயிறு அவிழ்ந்திருக்கும், குடத்தை வைத்துவிட்டு அதைக் கட்டுவேன். கட்டும்போது கொடியிலிருந்து துணி பறந்து முள்ளில் கிடப்பது தெரியும். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும். துடைத்து முடித்துக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனால் குடம் வெளியே, குழாயில் தண்ணீர் நின்றிருக்கும். ஒரு வேலையும் முடிந்திருக்காது. ஆனால் விடியற்காலையிலிருந்து நான் உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

தூங்கி எழுந்தால் தாடை வலித்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பாடு கசந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு படக் படக்கென்று அடித்துக்கொள்ளும். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டேன். ஸ்கூட்டி இருப்பதே நினைவில் இல்லை. வளைவு வரைக்கும் நடந்த பிறகு, எதிரே வந்த மாணவி ஒருத்தி, "டீச்சர், ஸ்கூலு அந்தப் பக்கம்" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் பயந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்திலும் வேலை குறைவில்லை. வருகைப்பதிவு, காலை உணவு, சீருடை, பயிற்சித் தேர்வு என்று எதுவானாலும் செல்போனில் ஏற்ற வேண்டும். மலையில் சிக்னல் நிலையாகக் கிடைப்பது உயரமான பாறை மேல்தான். பாடத்தை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் பாறைக்கு ஏறுவேன். இறங்கி வரும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இருப்பார்கள். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர்தான். "மேடம், மேலேர்ந்து கேட்டுனே இருக்காங்க" என்று அவரும் பயந்த முகத்தோடே சொல்வார்.

பங்குனிக் கடைசியில் அது நடந்தது.

அன்று விடுமுறை. பொறுக்கி வந்த புளியை வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் பாறையில் காயப் போட்டிருந்தேன். அந்த வருடத்துப் புளியில் பாதி அதில்தான் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"மழ வருது. புளிய வாரு, போ."

"உங்களுக்கு டப்பா வெச்சிட்டுப் போறேன், இருங்க." சிறுநீர் கழிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவைக் கழுவிப் பின்பக்கம் கவிழ்த்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் வேணா. மொதல்ல புளி. நனஞ்சா கறுத்துப் பூடும். போ, போ."

நான் போனேன். சாக்கையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதல் தூறல் விழும்போது பாதியை அள்ளியிருந்தேன். அக்காவும் தன் புளியை விட்டுவிட்டு வந்து கை கொடுத்தார். மீதியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு பக்கமும் கல் வைத்தோம். பிறகு மழை கொட்டியது. மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு ஏதோ ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது.

கட்டிலில் அவர் இல்லை. பின்கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார். வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வேட்டி நனைந்திருந்தது. ஆபரேஷன் செய்த கால் மடங்கியிருந்தது. முகம் சாம்பலாக இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ, மழைச் சத்தத்தில் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்: "புளி நனையலியே?"

மூட்டையை இறக்கிவிட்டு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரைத் தூக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், அண்ணனைக் கூப்பிட வேண்டும், ஜீப்புக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிகிறது. கை கால் எழவில்லை. வெளியே ஆடுகள் நனைந்துகொண்டு கத்தின. அவற்றையும் கட்டவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "இன்னாச்சு? எனக்கு ஒண்ணுமில்ல. இந்தா, எய்ந்திரு" என்று மெதுவாகச் சொன்னார். பின்னாலேயே வந்த அக்காதான் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் கணவரைக் கத்திக் கூப்பிட்டார்.

மறுபடியும் ஜீப், மறுபடியும் மலை இறக்கம். ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் பிளேட் நகரவில்லை என்று தெரிந்தது. ஆனால் எலும்பு கூடிக்கொண்டிருந்த இடம் அசைந்திருக்கிறது, இன்னும் அதிக நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார்கள். கட்டுப் போட வந்த நர்ஸ், "வீட்ல யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்க வெளிய போனா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்குச் செய்ய வேலையே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாட்டை அக்கா கறந்திருப்பார். ஆடு எப்படியோ மேய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். நான் ஓடாத இந்த நாட்களில் உண்மையிலேயே யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கெட்டுப்போகக்கூடியவை கொஞ்சம்தான். மாட்டைக் கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். அவருக்கு மாத்திரை தவறக்கூடாது. திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும். நேரத்துக்கு வகுப்பில் நிற்க வேண்டும். சாய்ந்த வேலி, சாய்ந்தபடியே இன்னொரு மாதம் நிற்கும். துணி மடிக்காமல் குவிந்து கிடந்தால் யாரும் சாகப்போவதில்லை. புளிகூட அப்படித்தான். இதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் புளி என்றால் வருடத்துச் செலவு. அவர் அப்பா வைத்த மரங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவரிடம் சொன்னேன்.

"மாமா, இனிமே நான் எல்லாத்தையும் செய்ய மாட்டேன். இன்னிக்கு செய்யலன்னா ஒரு உசுருக்குக் கஷ்டம்னா அத செய்வேன். உங்களுக்கு, மாட்டுக்கு, தண்ணி, சோறு, அப்பறம் ஸ்கூலு. அதுக்கு மேல ஒரு நாளிக்கி ஒரே ஒரு வேல. எதுன்னு நீங்க சொல்லுங்க. ரெண்டாவது சொன்னா காதுல வாங்க மாட்டேன்."

"அப்ப புளி?"

"நீங்க சொல்ற ஒண்ணு புளியா இருந்தா, அன்னிக்கு ஒரு கூட பொறுக்குவேன்."

"ஒரு கூடயா? மரம் பூரா தொங்குது."

"தொங்கட்டும்."

"ஆடு?"

"அக்காகிட்ட வாரத்துக்கு விட்டுடலாம்னு இருக்கறேன்." வாரம் என்றால், வளர்ப்பவருக்குப் பிறக்கும் குட்டிகளில் பாதி. எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் ஆள் இல்லாத வீடுகள்தான் அப்படி விடும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் செத்தா பூட்டேன்?"

"சாகக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"நல்லா பாடம் நடத்துற, டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்ப முடிந்தது கழுத்தை மட்டும்தான். இருந்தாலும் அன்று சாயங்காலமே ஆடுகளை அக்கா வீட்டுப் பட்டிக்கு ஓட்டிவிட்டேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி நான் காட்டிக்கறேன். நீ போய் கொஞ்சம் படு தங்கச்சி. மூஞ்சே செரியில்ல" என்றார்.

ஆடுகளுக்குப் புரியவில்லை. மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது பல நாட்கள் எங்கள் வீட்டுக்கே வந்தன. வெறும் பட்டியின் படலை முட்டிக்கொண்டு நிற்கும். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா வந்து ஓட்டிப் போகும்வரை நான் சமையற்கட்டை விட்டு வெளியே வர மாட்டேன்.

ஒரு வாரம்போல அவர் என்னோடு பேசவில்லை. காலையில் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கி எது மாமா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். நானும் செய்யாமல் விட்டுவிடுவேன். அப்படி விடுவது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கை பரபரக்கும். முற்றத்தில் சருகு குவிந்து கிடப்பதைத் தாண்டிப் போகும்போது யாரோ என்னைத் திட்டுவதுபோல் இருக்கும். இரண்டு மூன்று தடவை அவருக்குத் தெரியாமல் கூட்டியும் விட்டேன். கூட்டி முடித்த பிறகு அதே படபடப்பு வந்தது. சருகை விட்டால் ஒரு படபடப்பு, கூட்டினால் இன்னொன்று.

பிறகு ஒருநாள் காலையில், "முருங்க மரத்துல கம்பளிப்பூச்சி அண்டியிருக்குது. அத கொளுத்திட்டுப் போ" என்றார். கொளுத்திவிட்டுப் போனேன். மறுநாள், "தண்ணி டேங்க்கு கழுவணும்" என்றார். அதற்கடுத்த நாள் அவர் உடனே சொல்லவில்லை. கஞ்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். "வேலியா, புளியா… வேலி கெடக்கட்டும். கெயக்கால மரத்துப் புளி மட்டும். அதுதான் நல்ல புளி" என்றார். அவர் கூட்டிக் கழித்துப் பார்ப்பதை அன்றுதான் முதலில் கண்டேன்.

மெல்ல, உட்கார்ந்தபடி செய்யக்கூடியதைத் தானே கேட்டு வாங்கினார். மடியில் பலகையை வைத்துப் புளி தட்டிக் கொட்டை எடுத்தார். துணி மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கோணிச் சாக்கு மடிப்பதுபோல் மடித்து வைத்திருப்பார். நான் திருத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மேற்கு மரத்துப் புளி சித்திரை மழையில் நனைந்து கறுத்தது. அதை யாரும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம், பாடம் நடக்கும்போது பாறைக்கு ஏற மாட்டேன், வகுப்பு முடிந்த பிறகுதான் பதிவு ஏற்றுவேன் என்று சொன்னேன். "மேடம், என்னயத்தான கேப்பாங்க" என்றார். "நான் எய்திக் குடுக்கறேன் சார்" என்றேன். இரண்டு தடவை என்னிடம் விளக்கம் கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்றுகூட நினைத்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடே பல நாள் நடமாடினேன்.

இவற்றையெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது மகள் விஷயம்.

கோடை விடுமுறைக்கு அவளை அழைத்துவர நானே திருவண்ணாமலைக்குப் போனேன். இளைத்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கலசப்பாக்கம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. பரீட்சை சரியாக எழுதவில்லையோ என்று நினைத்துக் கேட்டேன்.

"நல்லாதான் எய்தினேன்."

"அப்பறம் ஏன் இப்டி கீற?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பா வுயுந்ததுலேர்ந்து நான் கூப்ட்டா, 'வேலையா கீறேன், அப்பறம் பேசறேன்'னு வெச்சிடற. அப்பறம் நீ கூப்படறதே இல்ல. அதான் நானும் கூப்படறத வுட்டுட்டேன். எனக்கு நடுவுல காச்ச வந்துச்சு. ஹாஸ்டல்லயே படுத்திருந்தேன்."

"சொல்லலியே நீ."

"எப்ப சொல்றது?"

எனக்கு அவள் கையைப் பிடிக்கக்கூடத் தயக்கமாக இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எது முக்கியம், எது காத்திருக்கும் என்று யோசித்தேனே, அதில் மாடு வந்தது, தண்ணீர் வந்தது. இவள் வரவே இல்லை. ஜன்னலில் தெரியாதவள். கத்தாதவள். அவள் நன்றாகத்தான் இருப்பாள் என்று நானே வைத்துக்கொண்டேன். பஸ் மலையடிவாரத்தில் நின்றபோது இருவரும் இறங்கி டீ குடித்தோம். "காச்ச எத்தினி நாளு இருந்துச்சு?" என்று கேட்டேன். "விடு, போய்டுச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளுக்குப் புளி தட்டக் கற்றுக்கொடுப்பதுபோல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாததுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை நான் வழக்கம்போல, "இன்னிக்கி எது மாமா?" என்று கேட்டேன். அவர் அவளைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி ஒண்ணும் வேணா. அவளோட இரு" என்றார். கோபத்தில் அவர் சொல்லிவந்த "ஒண்ணுமில்ல" போல அது இல்லை. இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்தோம், அவளுக்குத் தலைவாரிவிட்டேன். அவள் அதிகம் பேசவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

அவள் திரும்பிப் போன பிறகு, சாயங்காலம் மாடு கறக்குமுன் அவளுக்குப் போன் செய்வதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சிக்னலுக்காக வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் ஏறுவேன். மாடு கத்தும். கத்தட்டும், கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. முதலில் பல நாட்கள் "ம்", "சாப்ட்டேன்" என்பதோடு சரி. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஹாஸ்டல் கதைகள் வர ஆரம்பித்தன.

ஆவணி வாக்கில் அவர் தடியை ஊன்றி நடந்தார். இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. இனி மரம் ஏற முடியாது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே புளிய மரங்களைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்தார். ஆடுகளில் பாதியைத் திரும்ப ஓட்டி வந்தோம். பழைய பழக்கத்தில் எப்போதாவது, "அத செஞ்சியா, இத செஞ்சியா" என்று ஆரம்பிப்பார். நான் திரும்பிப் பார்த்தால் நிறுத்திக்கொள்வார். சில நாள் நிறுத்த மாட்டார். அன்று சண்டை போடுவோம்.

எனக்குப் பல்லைக் கடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்க, என்னை அறியாமல் பாயில் தூங்கிவிட்டேன். திடுக்கிட்டு எழுந்து, எதை விட்டேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று முற்றத்துக்கு ஓடினேன். அவர் வேலியோரம் குத்துக்கல்லில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு ஓடியாற?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன். நெஞ்சு அடித்துக்கொள்வது அடங்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.